எட்டில் ஒன்று அவளுக்கு

கல் அசையாது. நான் படம் எடுக்கத் துணிந்ததற்கு அது ஒன்றுதான் காரணம்.

கேமரா என் கைக்கு வந்தது மலாயா சுதந்திரம் பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால். அப்போது மலாக்காவில் ஓர் அலுவலகத்தில் பியூனாக இருந்தேன். ஊருக்குக் கப்பலேறத் தயாராகிக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர், வீட்டுச் சாமான்களை வேலைக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். சமையல்காரருக்கு மேசை. தோட்டக்காரருக்குச் சைக்கிள். எனக்கு ஒரு கறுப்புப் பெட்டி. சைக்கிள் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கு அப்படி நினைக்கவில்லை.

அது எப்படி வேலை செய்யும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஒரு சுருளுக்கு எட்டுப் படம். பெட்டியை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலே இருக்கும் சிறு கண்ணாடியைக் குனிந்து பார்த்து, விசையைத் தட்ட வேண்டும். தட்டியதும் பக்கத்தில் இருக்கும் சாவியைத் திருகிச் சுருளை நகர்த்த வேண்டும். பின்பக்கம் ஒரு சிவப்புச் சன்னல் உண்டு. அதில் அடுத்த எண் தெரிந்தால் அடுத்த படத்துக்குத் தயார். திருக மறந்தால், முதலில் எடுத்த படத்தின் மேலேயே அடுத்த படமும் விழும். நான் எளிதில் மறப்பவனில்லை. விசையைத் தட்டியதும் "முருகா" என்பேன், சொல்லிக்கொண்டே சாவியைத் திருகுவேன். நாக்கும் கையும் அப்படிச் சேர்ந்தே பழகிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் குடியிருந்த காஜா பேராங்கிலிருந்து நடந்தே போய் மலையடிவாரத்துக் கோட்டை வாசலை எடுப்பேன். மலைமேல் கூரை இல்லாமல் நிற்கும் பழைய மாதா கோயிலை எடுப்பேன். பஸ் பிடித்து லிங்கிப் பக்கம் போய், பெங்காலான் கெம்பாஸில் ஆள் உயரத்துக்கு நட்டு வைத்திருக்கும் கற்களை எடுத்தேன். எந்தச் சாமியின் இடமாக இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வருவேன். அத்தனை நூறு வருஷம் மழையில் நின்ற கல்லுக்கு அந்த மரியாதைகூடச் செய்யாவிட்டால் எப்படி?

மனிதர்களை மட்டும் எடுக்க வராது. கண்ணை மூடுவார்கள், தும்முவார்கள், கொசு அடிப்பார்கள். கேமரா வந்த புதிதில் என் மனைவியைக் கிணற்றடியில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தேன். அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்து அவள் சட்டென்று திரும்பிவிட்டாள். படத்தில் சேலை இருந்தது, கொலுசு இருந்தது, கழுத்துக்கு மேலே புகை மாதிரி ஒன்று இருந்தது.

"தல இல்லாம எடுத்துட்டீங்க. இன்னொரு தரம் எடுத்தா உடம்பும் இருக்காது" என்றாள். அதோடு அவள் என் கேமராவுக்கு முன்னால் வரவில்லை. ஸ்டூடியோவுக்குப் போகலாமென்றால், "எவனோ ஒருத்தன் மோவாயப் புடிச்சுத் திருப்புவான், அதுக்கு நான் சிரிக்கணுமா?" என்று கேட்டாள்.

சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் ஊரிலிருந்து அவளுடைய தாயாரின் கடிதம் வந்தது. அவருக்கு எழுதத் தெரியாது. தபால்காரரிடம் சொல்லி எழுதியிருந்தார். கல்யாணம் முடிந்த மாதமே நாகப்பட்டினத்தில் கப்பலேறியவள் என் மனைவி. அதற்குப் பிறகு தாயும் மகளும் பார்த்துக்கொள்ளவில்லை. கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: "எனக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. மாட்டின் நிறம் தெரியவில்லை. தெரியும்போதே உன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். போட்டோ அனுப்பச் சொல் மாப்பிள்ளையை."

அவள் கடிதத்தை மடித்து முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"கல்லையே எடுக்கிறீங்களே, எனக்கு ஒண்ணு எடுங்க. தலையோட."

அந்தச் சமயத்தில்தான் வடக்கே கெடாவுக்குப் போகிற பயணமும் கூடி வந்தது. சுங்கை பட்டாணிக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் அவளுடைய பெரியப்பா மகன் இருந்தார். வேலை பால்மரம் சீவுவது, வாய் சும்மா இருக்காது. அவர் வீட்டில் குழந்தைக்குக் காது குத்து. போன தடவை அவர் மலாக்காவுக்கு வந்தபோது, அங்கே மலையடிவாரக் காட்டுக்குள் ஓடையோரமாக நம் முன்னோர் கட்டிய கற்கோயில் ஒன்று சிதைந்து கிடக்கிறது என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே துடிப்பு. இந்த நாட்டு மண்ணில், நாம் கித்தா மரத்தில் பால் வெட்ட வருவதற்கு எத்தனையோ காலம் முன்னாலேயே நம் சாமிக்கு ஒரு கல் வீடு!

"ஏழு படம் கல்லுக்கு, எட்டாவது உனக்கு. சாமி சந்நிதியிலேயே நின்னு எடுத்துக்கலாம்" என்றேன். அவள் சம்மதித்தாள். பட்டுச் சேலையை எடுத்துப் பெட்டியில் வைத்தாள்.

மலாக்காவில் அப்போது ரயில் கிடையாது. தண்டவாளத்தை ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டு போய்விட்டிருந்தான். தம்பினுக்குப் பஸ்ஸில் போய் அங்கே ரயிலேறினோம். எட்டுப் படச் சுருளை முன்னாலேயே கேமராவில் போட்டு, துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தேன். "குழந்த மாதிரி" என்று எதிரே இருந்த அம்மாள் சிரித்தார். "குழந்தய இப்புடி வச்சிக்க மாட்டாரு" என்றாள் என் மனைவி.

காது குத்து முடிந்த மறுநாள் காலை பசியாறிவிட்டுக் காட்டுக்குப் புறப்பட்டோம். நான், மனைவி, மச்சான் மூன்று பேர். காட்டில் பதுங்கிய கம்யூனிஸ்டுகளுக்காகப் போட்ட அவசரகாலம் இன்னும் முழுக்க முடியவில்லை. காட்டுப் பக்கம் சாப்பாட்டுச் சாமான் கொண்டு போகக்கூடாது. தோட்டத்து வாசலில் இருந்த மலாய்க்காரக் காவல்காரர் பையைத் திறந்து பார்த்தார். கற்பூரத்தை மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார். தேங்காயைப் பிடித்துக்கொண்டார்.

"சாமிக்கு" என்று மலாயில் சொன்னேன்.

"சாமிக்குக் காட்டின பிறகு யார் சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. "நாங்கள்தான்" என்றேன். தேங்காய் அவர் மேசையிலேயே இருந்தது. திரும்பி வரும்போது பத்திரமாகக் கொடுத்தார், நல்ல மனிதர்.

கோயில் என்றா சொல்வது? ஓடைச் சத்தம் கேட்கிற மேட்டில் பெரிய பெரிய கருங்கற்கள். சில அடுக்கினபடியே, சில உருண்டு கிடந்தன. தூண் நிறுத்தக் குழி வெட்டிய கற்கள் வரிசையாக. அந்த வரிசைக்கு அப்பால் இடுப்பளவு சுவரோடு ஒரு சதுரம். உள்ளே பாசியும் இருட்டும். அதுதான் கருவறை என்று பார்த்ததும் தெரிந்தது. மனைவி தானாகவே முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள்.

ஓடையை ஒன்று, படிக்கற்களை ஒன்று, தூண் வரிசையை இரண்டு, மேடையை இரண்டு பக்கமிருந்து என்று ஆறு படம் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் "முருகா", ஒவ்வொன்றுக்கும் சாவி. ஏழாவதுக்குக் கருவறை முன்னால் போய் நின்றேன். கை போகவில்லை. மூலவர் இருந்த இடத்தைப் படம் எடுக்கலாமா? எங்கள் பிள்ளையார் கோயிலில் எடுக்க விடுவார்களா?

"என்னா மச்சான், அப்படியே நின்னுட்டீங்க?" என்றார் அவர்.

"கருவறையாச்சே."

"சாமி வீட்டக் காலி பண்ணிட்டுப் போயி எத்தன காலமாச்சு! ஆளில்லாத வீடுலா. சும்மா எடுங்க."

"அண்ணே, வாய மூடுங்க. அவரு கேக்குறது சரிதான்" என்றாள் மனைவி.

"அப்ப எடுக்காதீங்க. மலாக்காவுல போயி, கோயிலுக்குப் போனேன், வாசப்படிய மட்டும் பாத்தேன்னு சொல்லுங்க."

அது குத்தியது. எடுத்துவிட்டேன். விசையைத் தட்டிய சத்தம் அந்த அமைதியில் பெரிதாகக் கேட்டது. வாயில் "முருகா" வரவில்லை, "மன்னிச்சுக்கப்பா" என்றுதான் வந்தது. கேமராவைப் பக்கத்துக் கல்லில் வைத்துவிட்டு அப்படியே விழுந்து கும்பிட்டேன். மனைவியும் விழுந்தாள். கற்பூரம் ஏற்றினோம். மச்சான்கூட, அதுவரை அடித்த கிண்டலை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பல காலம் கழித்து அந்த இடத்தில் ஒரு சுடர். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாம்மா, உன் படம்" என்றேன்.

மேடையில் வெயில் விழுந்த இடமாகப் பார்த்து அவளை நிறுத்தினேன். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, நெற்றியில் அப்போதுதான் இட்ட திருநீறு. அவள் மூச்சையே பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணிமைகூட அசையவில்லை. எட்டாவது முடிந்தது என்று நினைத்துக்கொண்டு "முருகா" சொல்லிச் சாவியைத் திருகினேன். சிவப்புச் சன்னலில் எட்டு என்று தெரிந்தது.

எனக்கு ஒரே ஆச்சரியம். எட்டும் முடிந்திருக்க வேண்டுமே? எங்கோ எண்ணிக்கையில் தவறிவிட்டேன், இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது என்று நினைத்தேன். அது மட்டுமா, கும்பிட்டதற்குச் சாமி கொடுத்த பிரசாதம் என்றே நினைத்துவிட்டேன்.

"ஒண்ணு மிச்சம் இருக்கு!" என்றேன்.

"தங்கச்சியவே இன்னொண்ணு எடுங்க மச்சான்" என்றார் அவர்.

"அவளத்தான் எடுத்தாச்சே. நல்லா நின்னா." என் கண் ஏற்கனவே ஓடைப் பக்கம் உருண்டு கிடந்த ஒரு குழிக்கல்லில் இருந்தது. எட்டாவதை அதற்குக் கொடுத்தேன். மனைவி பூவைச் சரிசெய்துகொண்டாள்.

மலாக்காவில் படம் கழுவிக் கொடுப்பவர் ஒரு சீனர். எங்கள் ஆட்கள் எல்லாரும் முதலாளி என்ற பொருளில் தவுக்கே என்றே கூப்பிடுவார்கள். உறையை நீட்டும்போதே அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது. மலாயில் கேட்டார்: "உன் மனைவியை எதற்காகச் சுவருக்குள் வைத்துக் கட்டினாய்?"

படத்தைப் பார்த்தேன். கருவறை இருந்தது. கருவறைக்குள்ளே, அந்த இருட்டில், என் மனைவி நின்றாள். பட்டுச் சேலைக்குள் கருங்கல் தெரிந்தது. கன்னத்தின் குறுக்கே ஒரு கல் விளிம்பு கோடு போட்டிருந்தது. கண்ணும் நெற்றித் திருநீறும் மட்டும் தெளிவாக இருந்தன. அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. கருவறையை எடுத்ததும் "முருகா" சொல்லவில்லை, சாவியைத் திருகவில்லை. அந்தக் குழிக்கல் மட்டும் கண்ணாடி மாதிரி சுத்தமாக விழுந்திருந்தது.

வீட்டுக்குப் போய் அவளிடம் நீட்டினேன். முதலில் பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அய்யோ, சாமி நிக்கிற எடத்துல நானா! அபச்சாரம்!" பிறகு மற்றப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசிப் படத்தில் கை நின்றது.

"இது என்னா?"

"தூண் நிக்கிற குழிக்கல்லு."

"அந்த மிச்சம் ஒண்ணு இதுதானா?"

"ஆமா."

"எங்கம்மாவுக்கு மாட்டோட நெறமே தெரியலயாம். கல்லுல இருக்கிற குழியா தெரியப்போவுது?"

குரலை உயர்த்தக்கூட இல்லை. எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு வரவில்லை. நான் முருகன் முன்னால் உட்கார்ந்து, அப்பா, கல் மேல் இருந்த ஆசையில் கட்டினவளை மறந்துவிட்டேன், அந்தத் தாயின் கண்ணை இன்னும் கொஞ்ச நாள் காப்பாற்று என்று கேட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்ய? படத்துக்குப் பின்னால் அந்தக் கடிதம் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் ஞாயிறு. தலை குளித்து, அதே பட்டைக் கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"கெளம்புங்க. புது சுருளு போட்டாச்சா?"

"எங்க?"

"மலமேல அந்த மாதா கோயிலுக்கு. கல்லு இல்லாட்டி ஒங்களுக்குக் கை ஓடாது. கல்லோட சேத்தே எடுங்க. ஆனா மொதப் படம் எனக்கு."

மலையேறினோம். கடலிலிருந்து நல்ல காற்று. கூரை இல்லாத கோயிலுக்குள் வெயில் தாராளமாக விழுந்தது. செம்புரைக்கல் சுவரில் பழைய காலத்துக் கல்லறைப் பலகைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. நான் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றினேன்.

"கும்புடுறதெல்லாம் இப்பவே முடிச்சுக்குங்க" என்றாள். "மன்னிப்புக் கேக்குறது, விழுறது, அழுவுறது எல்லாம் இப்பவே. அப்புறமாப் பெட்டிய எடுங்க."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். இரண்டு நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வெறும் சன்னல் வளைவு ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி எடுத்தேன். "முருகா" என்றேன். "சாவி!" என்றாள். திருகினேன்.

படம் நன்றாக வந்தது. முகம் முழுசாக, மூக்குத்தி உட்பட. அவள் அந்தப் படத்தோடு கருவறைப் படத்தையும் சேர்த்து உறைக்குள் வைத்தாள். "அபச்சாரம்னியே?" என்று கேட்டேன். "பரிகாரத்துக்கு நெய்விளக்குப் போட்டாச்சு. நான் கோயிலுக்குப் போறேனா இல்லியான்னு எங்கம்மாவுக்கு ஒரு கவல உண்டு. பாக்கட்டும்" என்றாள்.

கப்பல் தபால் போய், பதில் வரக் காத்திருந்த நாட்கள் நீளமாக இருந்தன. பதில் வந்தது. தபால்காரரின் அதே கோணல் எழுத்து. நான்தான் வாசித்தேன், அவள் நின்றபடி கேட்டாள்.

"போட்டோ இரண்டும் கிடைத்தது. வாசலில் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். முதல் படத்தில் கோயிலுக்குள் நிற்கிறாய். தெளிவில்லை, ஆனாலும் சந்தோஷம். இரண்டாவதில் உன் முகம் தெரிந்தது. சிரிக்கிறாய். கன்னம் பூசினாற்போல் இருக்கிறது."

அதுவரை கேட்டதும் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பார்த்துவிட்டார், அது போதும் என்று நானும் மனசுக்குள் கும்பிட்டேன். ஆனால் கடிதம் முடியவில்லை.

"ஆனால் மகளே, உங்கள் வீட்டுக்குக் கூரை இல்லையே? சன்னலுக்குக் கதவும் இல்லை. சுவரெல்லாம் உதிர்ந்து கிடக்கிறது. மாப்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம் என்றார்களே. மழை பெய்தால் எங்கே ஒதுங்குகிறீர்கள்? அதை நினைத்து எனக்குத் தூக்கம் இல்லை."

நான் தலை தூக்கி அவளைப் பார்த்தேன். பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். தரையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். தலைமுறைகளாகத் தமிழ் மறந்து மலாயே பேசும் மலாக்காச் செட்டிகளில் ஒருவரான பக்கத்து வீட்டுப் பெண்மணி வேலிக்கு மேலாக எட்டி, என்ன ஆயிற்று என்று மலாயில் விசாரித்தார். வீட்டுக்குக் கூரை இல்லையாம் என்று நானும் மலாயில் சொன்னேன். அவர் எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, புரியாமல் உள்ளே போனார்.

"கடுதாசி எழுதுறேன், அது வெள்ளக்காரன் கட்டின பழைய கோயில்னு" என்றேன்.

"எழுதினா நம்புவாங்களா? மருமகன் கவுரவத்துக்குச் சொல்றாருன்னுதான் நெனப்பாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "கேமராவ எடுங்க. நம்ம கூரைய எடுங்க."

எங்கள் வீடு பலகை வீடு. அதற்கு முந்தைய வருஷம்தான் அத்தாப்பு ஓலையைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டிருந்தோம். இத்தனை கோட்டையும் கோயிலும் தேடித் தேடி எடுத்தவன், நான் குடியிருக்கிற வீட்டை ஒரு தடவைகூட எடுத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் வாசற்படியில் நின்றாள். நான் கண்ணாடியில் குனிந்து பார்த்தேன். அவள் இருந்தாள், கூரை இல்லை. வேலிவரை பின்னால் போனேன். பாதிக் கூரை வந்தது. படலைத் திறந்துகொண்டு, சாக்கடையைத் தாண்டிச் சாலைக்கே போனேன்.

"சடக்குல நிக்காதீங்க, லோரி வருது!" என்று கத்தினாள்.

லோரி போகட்டும் என்று நின்று, சடக்கின் எதிர்ப்பக்கமே போய்விட்டேன். இப்போது வீடு முழுவதும் தெரிந்தது. தகரம் வெயிலில் மின்னியது. சன்னல் கதவுகள் தெரியவேண்டுமென்று அவள் ஓடிப்போய் அவற்றைப் பாதி சாத்திவிட்டு வந்தாள். பூஜை மாடத்து விளக்கும் தெரியவேண்டும் என்று கதவை விரியத் திறந்து வைத்தாள். கண்ணாடியில் அவள் விரல் உயரம்தான் இருந்தாள். ஆனால் அசையாமல் நின்றாள்.

தட்டினேன். "முருகா" என்றேன். திருகினேன்.

"கூரை வந்துச்சா?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டாள்.

"முழுசா வந்துச்சு."

"நான்?"

"நீயும்தான்."

அந்தப் படத்துக்கும் ஒரு பதில் வந்தது. இரண்டே வரி. "கூரையைப் பார்த்தேன். இனி நிம்மதியாகத் தூங்குவேன்." அந்தக் காகிதம் இன்றைக்கும் முருகன் படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. இப்போதும் நான் கல் தேடிப் போகிறேன். ஆனால் எந்தச் சுருளானாலும் முதல் படத்தை வீட்டு வாசலில் எடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.